தங்கச்சிக்கு அமெரிக்காவை வாசித்த வருசம்

அமெரிக்காக்காரன் தன் நாட்டை எப்படி ஆளுகிறான் என்பது எனக்குத் தேவையில்லாத சங்கதி. இருந்தும் போன வருசம் வசந்தகாலத்தில் இருந்து, ஞாயிறு தவிர்ந்த எல்லா நாளும், காலை பத்து மணிக்கு நான் அதைத்தான் வாசித்தேன். சமையலறை மேசையில் ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு சொல்லாக.

எனக்கு மூன்றாம் வகுப்புத்தான். தங்கச்சி பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனை வரை படித்தவள். அந்த நாளில் என் கையெழுத்தைப் பார்த்து, கோழி கிளறின மாதிரிக் கிடக்கு என்று சிரித்தவள். எழுபது தாண்டியதும் சக்கரை வியாதி அவளுடைய கண்ணைப் பிடித்தது. இப்போது ஆளைத் தெரியும், எழுத்துத் தெரியாது. படித்தவளுக்குப் படிக்காதவள் வாசிக்க வேண்டி வந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது. மறைக்கப் போவதில்லை.

அவள் நியூ ஜேர்சியில் மகன் வீட்டில் பதினாறு வருசமாக இருக்கிறாள். கிறீன் கார்ட் இருக்கிறது, குடியுரிமை இல்லை. அதை எடுக்க வேண்டுமென்றால் ஒரு சோதனை. அமெரிக்காவின் ஆட்சிமுறை, சட்டம், சரித்திரம் என்று நூற்றுச் சொச்சம் கேள்விகள். எதைக் கேட்பார்கள் என்று தெரியாது. வயது போனபடியால், அவ்வளவு காலம் அங்கே இருந்தபடியால், இங்கிலிசில் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே சொல்லலாம், மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாமாம். அவளுடைய மகன் எனக்குப் போன் எடுத்தான்.

"பெரியம்மா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இஞ்சை வேலை செய்யிற ஒரு மெட்ராஸ் பெடியனைக் கொண்டு கேள்வி பதில் எல்லாத்தையும் தமிழிலை எழுதுவிச்சனான். போனிலை பதிஞ்சும் குடுத்தனான். அம்மா கேட்டுக்கேட்டு நித்திரையாப் போறா. ஆரும் ஆள் இருந்து வாசிச்சால்தான் சரி."

"ஏன், உன்ரை அம்மா படிச்ச மனுசியல்லோ?"

"பெரியம்மா, பிளீஸ்."

கொப்பி எடுத்துத் தபாலில் அனுப்பினான். என் வீட்டு மருமகள் அதைப் பெரிய எழுத்தில் அடித்துத் தந்தாள்.

நான் ஏன் உடனே ஓமென்று சொல்லவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. அந்தத் தை மாதம்தான் என் மனுசன் மோசம் போனவர். நான் இருக்கிற மொன்றியலில் இருந்து நியூ ஜேர்சி ஒரு பகல் ஓட்டம். ரொறொன்ரோவில் இருந்து சனம் வந்தது, லண்டனில் இருந்து வந்தது. கூடப் பிறந்தவள் வரவில்லை. குடியுரிமைக்குப் பேப்பர் போட்டிருக்கு, இப்ப எல்லை தாண்டக் கூடாது எண்டு லோயர் சொல்லிப்போட்டார், தாண்டினால் திரும்பி விடமாட்டினம் என்று அழுதாள். செத்த வீட்டில் எல்லாரும் கேட்டார்கள், தங்கச்சி எங்கே என்று. நான் அமெரிக்கச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லி வாய் நொந்தேன். வருசம் முடிந்து வருகிற ஆட்டைத் திவசத்துக்காவது அவள் இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் நான் வாசிக்க ஒத்துக்கொண்டேன். அவளுக்காக இல்லை, அவருக்காக.

முதல் நாள் பாடம் மூன்று கிளைகள். சட்டம் செய்கிற கிளை காங்கிரஸ். சட்டத்தை நடத்துகிற கிளை அதிபர். சரி பிழை சொல்கிற கிளை நீதிமன்றம். மெட்ராஸ் பெடியன் அதிபர் என்றுதான் எழுதியிருந்தான். எங்களுக்கு அதிபர் என்றால் பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நிற்கிறவர். நான் சனாதிபதி என்றே வாசித்தேன்.

"ஏன் மூண்டாப் பிரிச்சவை?" என்று கேள்வி.

"ஒராளின்ரை கையிலை எல்லா அதிகாரமும் போகாமல் இருக்க," என்றாள் தங்கச்சி. "ஒண்டை ஒண்டு பாத்துக்கொள்ளும்."

"பாத்துக்கொள்ளுறதோ, ஒண்டின்ரை கழுத்தை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கிறதோ?"

"அக்கா, நீ எழுதியிருக்கிறதை வாசி."

"வாசிக்கிறன். உனக்குக் கண் தெரியாட்டிலும் வாய் நல்லாத் தெரியுது."

இப்படித்தான் ஒவ்வொரு நாளும். காங்கிரசில் இரண்டு சபை. ஒன்றில் சனத்தொகைக்கு ஏற்ற மாதிரி ஆட்கள். மற்றது செனட். அங்கே பெரிய மாநிலத்துக்கும் இரண்டு பேர், கையளவு மாநிலத்துக்கும் இரண்டு பேர். இதை வாசித்தபோது மட்டும் நான் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். சின்னவனுக்கும் பெரியவனுக்கும் ஒரே அளவு கதிரை என்று எவனோ ஒருவன் யோசித்திருக்கிறான். எங்கள் நாட்டிலும் முந்தி ஒரு செனட் இருந்தது, பிறகு எடுத்துப்போட்டார்கள் என்று தங்கச்சி சொன்னாள். எனக்கு அது தெரியாது. தெரியாது என்று நான் சொல்லவும் இல்லை.

அடுத்த கேள்வி, சனாதிபதி ஒரு சட்டத்தை வேண்டாம் என்று மறுத்தால் என்ன நடக்கும்?

"காங்கிரஸ் மூண்டிலை ரெண்டு பங்கு வாக்கோடை திருப்பி நிறைவேற்றலாம்," என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"அதைச் சொல்லேக்கை உனக்கு நெஞ்சு பதறேல்லையோ?"

"ஏன்?"

"மூண்டிலை ரெண்டு பங்கு எண்டால் என்ன எண்டு எங்களுக்குத் தெரியாதோ? அங்கை எங்கடை நாட்டுப் பாராளுமன்றத்திலை பெரும்பான்மை ஆக்கள் மூண்டிலை ரெண்டு எடுத்த ஒவ்வொரு முறையும் எங்களுக்கு என்ன நடந்தது? உனக்கு அது சனாதிபதியை மடக்கிற கணக்கு. எனக்கு அது எங்களை மடக்கின கணக்கு."

பேந்து, "இஞ்சை அது தடுக்கிறதுக்கு அக்கா," என்றாள் மெதுவாக. இஞ்சை என்று சொன்னபோது அவளுடைய குரலில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இருக்கிற ஊரை மட்டும் நல்லது என்று சொல்ல வரவில்லை. இங்கே ஒட்டாவாவில் ஒரு பிரதமர், கியூபெக்கில் ஒரு பிரதமர். எனக்கு ஒரு கடிதம் வந்தால் எந்தப் பிரதமர் போட்டது என்று தெரியாது. எல்லாம் பிரெஞ்சில்தான் வரும். முப்பது வருசமாக இருக்கிறேன், போன்ஜூரும் மெர்சியும் மட்டும் வந்தது. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை, நான் வாய் திறக்க முதலே தலையை ஆட்டினாள். கோடு, அதுதான் நீதிமன்றம், ஒரு சட்டம் பிழை என்று சொன்னால்கூட, அதையும் மீறிச் செய்வோம் என்று கியூபெக் ஒரு வரி எழுதி வைத்தால் சட்டம் நிற்குமாம். மருமகள்தான் சொன்னாள், அவள் ஒரு கார்டெரியில் பிள்ளை பார்க்கிறவள், மொழி, மதம் என்று வருகிற அந்தச் சட்டங்கள் அவளுக்குத்தான் முதலில் தலையில் விழும். இதை நான் தங்கச்சிக்குச் சொன்னேன்.

"பாத்தியோ? எங்கடை நாட்டிலை கோடு சொன்னால் சொன்னதுதான்."

"எங்கடை நாடோ? இன்னும் சோதனை எழுதேல்லை நீ."

"எழுதுவன்."

"கோடு சொன்னால் சொன்னதுதான் எண்டாய். என்ரை மோனைக் கேள்."

என் மகன் துறைமுகத்தில் இருந்து கொன்ரெயினர் ஏற்றுகிற லொறி ஓடுகிறான். போன வருசம் அந்த நாட்டுச் சனாதிபதி ஒரு நாள் வரி என்றார், அடுத்த நாள் இல்லை என்றார், பேந்து இரண்டு மடங்கு என்றார். கப்பல் குறைந்தது, லொறி குறைந்தது, மகன் கிழமையில் மூன்று நாள் வீட்டில் இருந்தான். பெரிய கோடு, இப்படி வரி போட உமக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னதாக ரிவியில் காட்டினார்கள். மகன் கை தட்டினான். கொஞ்ச நேரத்தில், வேறு சட்டத்தின் கீழ் வேறு வரி போட்டாச்சு என்றும் அதே ரிவி காட்டியது. இது கொஞ்சம் பிந்தி நடந்தது, ஆனால் நான் முதலே சொல்லிவிட்டேன், இப்படித்தான் நடக்குமென்று.

மாநிலத்துக்கும் மத்திக்கும் இடையிலும் இதே கூத்துத்தான். பள்ளிக்கூடம், சாரதிப் பத்திரம், பொலிஸ், இதெல்லாம் மாநிலத்தின் கையில் என்று தாளில் இருந்தது.

"அப்ப மத்தியிலை இருக்கிறவை தங்கடை ஆமிக்காரரை ஒரு நகரத்துக்கு அனுப்பினால்?"

"ஆளுநர் கோட்டுக்குப் போவார்."

"கோடு எப்ப சொல்லும்?"

"கொஞ்ச நாள் செல்லும்."

"அந்தக் கொஞ்ச நாளுக்கை வந்தவங்கள் வேலையை முடிச்சிடுவாங்களே, மோட்டு மனுசி."

இரண்டு கட்சி பற்றியும் கேள்வி இருந்தது. அவளுக்கு இரண்டின் பெயரும் தெரியும். ஒன்றை மற்றது நிறுத்தும் என்றாள். சனாதிபதியும் இரண்டு சபையும் ஒரே கட்சியிடம் இருந்தால் ஆர் ஆரை நிறுத்துவது என்று கேட்டேன். அது கேள்வித் தாளில் இல்லை என்றாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் உண்மையில் சண்டை வந்தது ஒரே ஒரு கேள்வியில். ஒரு கிளை அளவுக்கு மிஞ்சிப் பலம் எடுக்காமல் எது தடுக்கிறது? தாளில் இருந்த விடை, ஒன்றையொன்று தடுத்துச் சமப்படுத்தும் முறை, அல்லது அதிகாரப் பிரிவினை. அந்த விடையை வாசிக்க எனக்கு நா எழவில்லை. ஒவ்வொரு முறை அந்தக் கேள்வி வரும்போதும் நான் ஒன்று சொல்லுவேன்.

"ஒண்டும் தடுக்கிறேல்லை. வெக்கம் இருக்கிறவன் நிப்பான். இல்லாதவன் நில்லான். எழுதின கடுதாசி எழும்பி வந்து ஆரையும் பிடிக்காது."

"அக்கா, விடையைச் சொல்லு."

"சொல்லிப்போட்டன்."

கார்த்திகை மாதம் சோதனை. மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மகனோடு போனாள். பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு மணி. நான் மீன் வெட்ட எடுத்து வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு மணிக்கு அவளுடைய மகன் எடுத்தான்.

"பெரியம்மா, அம்மாவுக்கு என்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?"

"ஏன்?"

"ஒரு பொயின்ற்றாலை போச்சு. ஒரு கிளையைத் தடுக்கிறது எது எண்டு அந்த ஒபிசர் கேக்க, அம்மா 'ஒண்டும் தடுக்கிறேல்லை, வெக்கம் இருந்தால் நிப்பான்' எண்டு சொல்லிப்போட்டா. அந்த மொழிபெயர்க்கிற அக்காவும் அப்பிடியே சொல்லிப்போட்டா. ஒபிசர் சிரிச்சவர். சிரிச்சுப்போட்டுப் பிழை போட்டவர்."

என் சொல் நியூ ஜேர்சியில் ஓர் அலுவலகத்துக்குள் போய், இங்கிலிசில் மாறி, அந்த நாட்டு அதிகாரியின் காதில் விழுந்திருக்கிறது. ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான், அவள் திவசத்துக்கு வரமாட்டாள் என்பது விளங்கியது. இரண்டாம் முறை எழுத இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டுமாம். திவசம் தை மாதம்.

தங்கச்சி என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த நாள் பத்து மணிக்கு எடுத்து, "வாசி அக்கா," என்றாள். குறை சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் அதற்கும் இடம் வைக்கவில்லை.

திவசத்தன்று வீடு நிறையச் சனம். ஐயர் வந்து போய், படைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடிய இரண்டு மணி. முதல் நாளே ஜான்-டலோன் சந்தைக்குப் பனிக்குள் போய் நான்தான் மரக்கறி தெரிந்தெடுத்து வாங்கினேன், மருமகளை விடவில்லை. எல்லாரும் போன பிறகு தங்கச்சி போன் எடுத்தாள்.

"படைச்சாச்சோ?"

"படைச்சாச்சு. எல்லாரும் கேட்டவை. உன்ரை லோயர் விடேல்லை எண்டு சொன்னன்."

 

"அக்கா, லோயர் அப்பிடிச் சொல்லேல்லை."

"என்ன?"

"போன தை மாசம் நான் கேட்டனான். போகலாம் எண்டுதான் சொன்னவர். திரும்பி வரேக்கை கேள்வி கேப்பினம், பதில் சொன்னால் சரி எண்டவர். மோனும் காரிலை கூட்டிக்கொண்டு போறன் எண்டவன். நான்தான் ஏலாது எண்டனான். அந்த நேரம் குடியுரிமை இல்லாத ஆக்களைப் பிடிக்கிறதை ஒவ்வொரு நாளும் ரிவியிலை சொல்லிக்கொண்டிருந்தவை. எனக்குக் கண்ணும் தெரியாது. என்னைத் தனியக் கூட்டிக்கொண்டுபோய் ஓர் அறையிலை இருத்தினால் என்ன செய்யிறது எண்டு பயந்துபோனன். ஒரு சட்டமும் என்னைத் தடுக்கேல்லை அக்கா. உன்னட்டைப் பொய் சொன்னனான்."

ஒரு வருசம் நான் ஊர் முழுக்க அமெரிக்காவைத் திட்டித் திரிந்தேன். அந்தச் சனாதிபதியைத் திட்டினேன், அந்தக் காங்கிரசைத் திட்டினேன், கோட்டைத் திட்டினேன். அவர்கள் திட்டு வாங்கத் தகுதியானவர்கள்தான், அதில் நான் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கமாட்டேன். ஆனால் என் மனுசனின் செத்த வீட்டுக்கு வராமல் இருந்தது இவள்.

"நாளைக்குப் போன் எடுக்காதை," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எட்டு நாள் நான் வாசிக்கவில்லை. பத்து மணிக்கு ரெலிபோன் அடிக்கும். நான் மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி அது அடித்து ஓயும் வரை பார்ப்பேன். சோதனைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. நான் வாசிக்காவிட்டால் அவளுக்கு வேறு ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். மகன் கேட்டான்.

"அம்மா, உது சரியோ?"

"உன்ரை வேலையைப் பார் தம்பி."

மருமகள் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நான் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். தங்கச்சியின் மகன் மூன்று தரம் எடுத்தான். ஒருத்தராலும் என்னை அசைக்க ஏலவில்லை. இந்த வீட்டில் என் சொல்லை மீறி வாக்குப் போட ஆள் இல்லை.

ஒன்பதாம் நாள் ரெலிபோன் அடிக்கவில்லை. பத்தேகால், பத்தரை. அடிக்கவில்லை. அந்த வெறும் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வெட்கம் வந்தது. வேறு ஒன்றும் இல்லை, வெட்கம்தான். கதிரையில் ஏறக் கூடாது என்று டொக்டர் சொன்ன காலோடு ஏறி அலுமாரிக்கு மேலே இருந்து தாளை எடுத்தேன். நானே எடுத்தேன் போன்.

"தாள் இருக்கே உன்னட்டை?" என்றேன்.

"எனக்கு என்னத்துக்குத் தாள், கண் தெரியாமல்?"

"அப்ப காதைத் தா. ஒரு கிளை அளவுக்கு மிஞ்சிப் பலம் எடுக்காமல் எது தடுக்கிறது?"

"நீ என்ன சொல்ல வேணும் எண்டு நினைக்கிறாய்?"

"நான் நினைக்கிறது கிடக்கட்டும். ஒன்றையொன்று தடுத்துச் சமப்படுத்தும் முறை. சொல்லு."

"ஒன்றையொன்று தடுத்துச் சமப்படுத்தும் முறை."

"திருப்பிச் சொல்லு."

இருபது தரம் சொல்ல வைத்தேன். எனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றை இருபது தரம் என் வாயால் எடுத்துக் கொடுத்தேன். அந்த மூன்று கிழமையும் நாங்கள் வேறு ஒரு கதையும் கதைக்கவில்லை. சுகமோ என்றுகூடக் கேட்கவில்லை. கேள்வி, விடை, கேள்வி, விடை. முடிந்ததும் வைத்துவிடுவேன்.

மாசி மாதம் பாஸ் பண்ணிவிட்டாள். சத்தியப் பிரமாணமும் எடுத்தாகிவிட்டது. அன்றைக்குப் பின்னேரம் அவளே எடுத்தாள்.

"இந்த முறையும் அந்தக் கேள்வி கேட்டவை அக்கா."

"சொன்னியோ?"

"தாளிலை இருந்த மாதிரிச் சொன்னனான். இனி எனக்கு வாக்கும் இருக்கு."

"ஆருக்குப் போடப் போறாய்?"

"அதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. அது என்ரை உரிமை."

"ஓமோம். உனக்கு நான்தானே வாசிச்சுக் குடுத்தனான், உரிமை எண்டால் என்ன எண்டு."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"எப்ப வாறாய்?" என்றேன். அந்த ஒரு வருசத்தில் அவளிடம் நான் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"பாஸ்போட் வரட்டும். வந்தால் உடனை வெளிக்கிடுவன். ஒருத்தரும் என்னைக் கேள்வி கேக்கேலாது."

"கேட்டாலும் வந்திருக்கலாம்."

"ஓம்," என்றாள். "வந்திருக்கலாம்."

பாஸ்போட்டுக்குக் கொடுத்துச் சில கிழமை ஆகிறது. வீட்டில் கடைசி அறை வெறுமையாக இருக்கிறது. வெறுமை என்றால், மருமகளின் தையல் மெசினும் இரண்டு மூட்டை குளிர் உடுப்பும் அதற்குள் கிடக்கிறது. அதையெல்லாம் எடுத்துக் கூட்டி விடவோ மாமி என்று மருமகள் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். ரிக்கெற் எடுத்துவிட்டேன் என்று தங்கச்சி தன் வாயால் சொல்லட்டும். பேந்து மெசினை எடுக்கலாம்.